கோட்டுக்குக் கீழே இருந்த எண்

மான்மவுத் ஜங்ஷன்
9-11-99, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது,

இங்கே எனக்கு முட்டிவலி ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை, உன் அண்ணன் வீட்டிலும் எல்லோருக்கும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் மதனும் சின்னவளும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க பண்ணாரி அம்மன் பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு நம் ஊர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கயிற்றுக் கட்டிலில் உன் அப்பா. எதிரே பெஞ்சில் என் அண்ணன் நஞ்சப்பன். அதே பெஞ்சில் அவரை ஒட்டி உன் அண்ணன் சபரிநாதன். நடுவில் கையில் இரண்டு கார்டோடு நான். சமையல்கட்டு நிலைப்படியில் மோர்ச் சொம்போடு நீ. 1978, ஜூன் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை, தபால்காரர் வந்துபோன கொஞ்ச நேரத்தில். எந்த நாளைச் சொல்கிறேன் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை, நான் எடுக்காததற்குக் காரணம் அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்ததுதான். போனிலேயே சொல்லிவிடலாமே அம்மா என்று சபரி சொன்னான். போனில் சொன்னால் பரவாயில்லைம்மா விடு என்று பாதியிலேயே நீ என்னை நிறுத்திவிடுவாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. உன்னைக் குறுக்கே பேசாதே என்று நான் சொல்வது இது இரண்டாவது தடவை, முதல் தடவை எப்போது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தபோது என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாய். வீட்டுப் பக்கத்துக் காலேஜில் கணக்கை அல்ஜீப்ராவிலிருந்து சொல்லித் தருகிறார்கள், எச்-ஃபோர் விசாவில் வேலைக்குத்தான் போகக்கூடாது, படிக்கலாம், நவம்பர் பத்தொன்பது வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை வைத்து யார் எந்த வகுப்பு என்று பிரிப்பார்கள், அதை விட்டால் அடுத்த வருஷம்தான், போகட்டுமா அம்மா என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை கந்தசாமி, "அல்ஜீப்ரா படிச்சு எக்ஸ் போட்டு ரசம் வைக்கப் போறாளாம் அத்தை" என்று உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, "முப்பத்தாறு வயசுல அது எதுக்கு சாமி, அதனால என்ன உபயோகம்" என்றும் கேட்டேன். நீ "சும்மாதாம்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மதனுக்குப் பல் விழுந்த கதைக்குப் போய்விட்டாய். மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய அம்மா நிச்சயதார்த்தத்தன்று என் முகத்துக்கு நேரே பெண் கொஞ்சம் கறுப்பு என்று சொன்னது வேறு விஷயம், அது அப்படியே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு போனில் நான் சிரித்த சிரிப்பையும் கேட்ட கேள்வியையும் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்தப் பரீட்சை நாளுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று சபரியை இன்றைக்கே தபால் ஆபீசுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளி நன்றாகவே நடந்தது. சனிக்கிழமையே பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம், கார் நிறுத்த இடம் இல்லாமல் ரொம்ப தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம், குளிரில் என் காது இரண்டும் மரத்துப்போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் வைத்து, இட்லி, கறிக்குழம்பு. இங்கே இந்த மாதம் வந்தால் மாவு பொங்குவதே இல்லை, ஓவனுக்குள் லைட்டை மட்டும் போட்டுவிட்டு குண்டாவை உள்ளே வைத்தால்தான் ஏதோ கொஞ்சம் எழும்புகிறது. சபரியோடு வேலை செய்கிற அனந்தராமன் என்கிற பையனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான், கும்பகோணத்துப் பக்கம், தனியாக இருக்கிறான், கறி தொடமாட்டான், அவனுக்கென்று தனியாக சாம்பார் வைத்தேன். நஞ்சப்பன் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று உனக்குத் தெரியும், மகள் வீடு என்றாலும் அது என் மகன் வீடும்தான் என்பதை அவர் அடிக்கடி மறந்துவிடுகிறார், டிவிக்கு முன்னால் இருக்கிற பெரிய சோபா அவருக்கு, எனக்கு ஓரத்து நாற்காலி. வசந்தாமணி அதைக் கவனித்து, அப்பா கொஞ்சம் நகருங்க என்று சொல்லுவாள், அவள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளுடைய அம்மா கல்யாணப் பந்தியில் எனக்குக் கிழிந்த இலை போட்டதை மருமகள் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

சாப்பிட உட்காரும்போதுதான் என் பேத்தி தென்றலுடைய பரீட்சைத் தாள் வெளியே வந்தது. பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை இரண்டு நாளாகப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். பதினோரு வயதில் அவளுக்கு இப்போது பின்னக் கணக்கு நடக்கிறது. வசந்தாமணி சத்தம் போட்டாள். தென்றல் புதுப் பாவாடையைக் கசக்கிக்கொண்டு, இதையெல்லாம் பெரியவளான பிறகு யார் உபயோகப்படுத்தப் போகிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். நியாயமான கேள்வி என்று அனந்தராமன் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். "காலேஜ்ல நாலு வருஷம் பக்கம் பக்கமா கணக்குப் போட்டேன் ஆன்ட்டி, வேலைக்கு வந்து ஒரு நாள் ஒரு தடவை தேவைப்படல" என்றான். சபரி அதற்கு, "நம்ம வேலையே எவனோ கணக்குல கோட்டை விட்டதால வந்தது. வருஷத்துக்கு நாலு இலக்கம் போடாம ரெண்டே ரெண்டு போட்டான், ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் குழம்பிப்போகும்னு நம்மளைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அவன் ஒழுங்கா எண்ணியிருந்தா நான் ஈரோட்ல மஞ்சள் காய வச்சிட்டு இருப்பேன், நீ கும்பகோணத்துல வெத்தலை அடுக்கிட்டு இருப்பே" என்றான். எல்லோரும் சிரித்தோம். நஞ்சப்பன் அண்ணன் நல்லி எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டே, "ஸ்கூல் கணக்கு ஸ்கூலோட சரி. யூனியன் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினேன், கூட்டத் தெரிஞ்சாப் போதும், பொழைச்சுக்கலாம். புள்ளையப் போட்டு வதைக்காதீங்க" என்றார். இதை அவர் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன் தாமரை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வசந்தாமணி விடவில்லை, போன மாதத் தாளையும் எடுத்து வந்து மேஜையில் வைத்து, பாருங்க அத்தை எப்படி இறங்கிட்டான்னு என்றாள். நான் பார்த்தேன். போன மாதம் 17, இந்த மாதம் 26. "பதினேழுலேருந்து இருபத்தாறுக்கு ஏறியிருக்கா, அதுக்கு எதுக்கு அவளை வையறே" என்றேன். மேஜையே சிரித்தது. அண்ணன் சத்தமாகச் சிரித்தார். தென்றலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் கேலிக்குச் சொல்லவில்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு இட்லிப் பாத்திரம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பெரியதில் பதினாறு குழி, அன்றைக்கு ஆறு இட்லி அடியில் ஒட்டி உடைந்து பத்துதான் முழுசாக வந்தது. வசந்தாமணியுடைய சின்னதில் எட்டுக் குழி, ஏழு முழுசு, ஒன்றுதான் போனது. எது நல்ல பாத்திரம் அப்பத்தா என்று கேட்டாள். இது என்ன கேள்வி, சின்னதுதான் என்றேன். பத்து பெரிசா ஏழு பெரிசா என்றாள். "பத்து பெரிசுதான் கண்ணு, ஆனா பதினாறு ஊத்தில்ல பத்து வந்திருக்கு" என்றேன். அவள் உடனே தாள் இரண்டையும் கொண்டுவந்து, எண்ணுக்குக் கீழே ஒரு கோடும் அதற்குக் கீழே இன்னொரு எண்ணும் இருந்ததைத் தொட்டுக் காட்டினாள். ஒன்றில் 20, ஒன்றில் 40. இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். வசந்தாமணிதான் தமிழில் சொன்னாள், "கோட்டுக்குக் கீழ இருக்கறது மொத்தம் எத்தனை குழிங்கறதாம் அத்தை."

கரண்டி என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, சாயந்திரம் பிரிட்ஜுக்குள் இருந்ததாக வசந்தாமணி சொன்னாள். எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். உண்மைதான், எனக்கு அர்த்தம் தெரியாததும்கூட மறப்பதில்லை. நான் தென்றலிடம் எழுதச் சொன்னேன். மேலே 52, ஒரு கோடு, கீழே 80. பக்கத்தில் மேலே 43, ஒரு கோடு, கீழே 50. இரண்டிலும் நூறு குழி இருந்தால் எத்தனை முழு இட்லி என்று போட்டுச் சொல்லச் சொன்னேன். பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு போட்டாள். முதலாவது அறுபத்தைந்து, இரண்டாவது எண்பத்தாறு. விஷயம் தெரியாத அனந்தராமன், "ரெண்டாவது ஆள் கெட்டிக்காரர் போலிருக்கே, யாரு ஆன்ட்டி அது" என்று கேட்டான். என் மகள் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் சபரி தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் இன்னொரு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் எனக்காக ஒரு தடவை கேட்டுக்கொள். சபரிக்கு ஏழாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷம் போனதால் நீங்கள் இருவரும் ஒன்றாகப் பத்தாவது முடித்தீர்கள். பிளஸ் டூ அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தது, கணக்குப் பிரிவு வேண்டும் என்றால் டவுனுக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்று உன் அப்பா சொன்னார். ஆனால் உன் அப்பாவுக்கு ஓரவஞ்சனை கிடையாது. பையனுக்கு ஒரு பள்ளிக்கூடம், பெண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடம், இரண்டிலும் சேர்வதற்கு ஒரு கணக்குப் பரீட்சை, "எழுதிட்டு வாங்க, எவங்க கூட வாங்கறாங்களோ அவங்க போகட்டும், ஆம்பள பொம்பள பேச்சு இங்க வேண்டாம்" என்று உங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். கரும்பலகை இல்லை என்று வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் நீ கணக்குப் போட்டு என்னிடம் அடி வாங்கியதையும், சபரி உன் நோட்டைப் பார்த்து எழுதியதையும் நான் பார்த்தவள்தான். அதனால் அந்த இரண்டு கார்டு வந்தபோது எனக்கே மனதில் நீதான் என்றுதான் இருந்தது. உன் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், கார்டை என்னிடம் நீட்டி வாசி என்றார். நான் வாசித்தேன். சபரிநாதன் கணக்கு அம்பத்திரண்டு. தாமரைச்செல்வி கணக்கு நாப்பத்திமூணு. வாசித்ததும் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அப்போது நிலைப்படியிலிருந்து நீ, "அம்மா, கோட்டுக்குக் கீழ இன்னொரு நம்பர் இருக்கும், அதையும் படிங்க" என்றாய்.

நீ சொன்னாய் தாமரை. நீ சொல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் நீ ஒன்றும் பேசாமல் மோரை வைத்துவிட்டு உள்ளே போனதாகத்தான் நான் நினைத்திருந்தேன் என்று எழுதினால் அது பொய், எனக்கு நீ சொன்னது நேற்றுச் சொன்னதுபோல் ஞாபகம் இருக்கிறது, அதன் அர்த்தம்தான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெரியவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் படித்தவர் அவர்தான். அவர் கார்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் தபால்காரர் கொடுத்ததும் அவர்தான் முதலில் பார்த்திருந்தார். "அது தாள் நம்பர் அம்மிணி. பரீட்சைத் தாளுக்கெல்லாம் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மேல இருக்கறதுதான் மார்க்கு" என்றார். நீ, இல்லீங்க மாமா என்று ஆரம்பித்தாய். நான் திரும்பி, பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று உன்னை அதட்டினேன். நீ சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாய். அப்பா, அம்பத்திரண்டு போகட்டும் என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சாகும்வரை உனக்கு நியாயம் செய்ததாகவே நினைத்திருந்தார். ஒருவேளை அதுதான் நல்லதோ என்னவோ. அந்தக் கார்டை நான் சரியாக வாசித்திருந்தால் அந்த மனுஷன் தயங்காமல் உன்னை பஸ் ஏற்றியிருப்பார், அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

விருந்தாளி கிளம்பிப் போகிற வரை நான் வாயைத் திறக்கவில்லை. அனந்தராமன் கார் திரும்பியதும் அண்ணனிடம் கேட்டேன். தாள் நம்பர்னு சொன்னீங்களே, தெரிஞ்சே சொன்னீங்களா என்றேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை. "இருவது வருஷக் கதை, இப்ப எதுக்கு அம்மிணி? பையன் அமெரிக்காவுல வீடு வாங்கிட்டான், உன்ற மகளும் அமெரிக்காவுலதான் இருக்கறா, யாருக்கு என்ன கெட்டுப்போச்சு" என்றார். வசந்தாமணியை அப்போதே சபரிக்கு என்று மனதில் வைத்திருந்தார், மருமகன் இன்ஜினியர் ஆக வேண்டும், அதுதான் விஷயம். அதைக்கூட நான் ஒரு தகப்பன் ஆசை என்று விட்டிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை சொன்னார், "கார்டு உன்ற கையிலதான இருந்துது, உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயே படிச்சிருக்கலாமல்ல" என்றார். அப்பா நீங்க சும்மா இருங்க என்று வசந்தாமணி அழுதுவிட்டாள். பாவம், அவள் கல்யாணத்துக்கு அடியில் இப்படி ஒரு கார்டு இருந்தது என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு ஏன் தெரியாது என்பது அண்ணனுக்குத் தெரியும். உங்கள் சின்ன மாமா பிறந்தபோது என் அம்மா காட்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும். பையன் படிக்கட்டும் என்று எட்டு வயதில் என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அந்த வருஷம் கூட்டல் கழித்தல் முடிந்து பெருக்கல் ஆரம்பித்திருந்தார்கள், நாலாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது எனக்கு. எழுத்தையாவது பொட்டலக் காகிதத்தையும் பேப்பரையும் வைத்துப் பிற்பாடு தேற்றிக்கொண்டேன், கணக்கை அப்படித் தேற்ற முடியவில்லை, யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு. பின்னக் கணக்கு அதற்கு இரண்டு வகுப்புத் தள்ளி. அண்ணன் அதைப் படித்தார். நான் வீட்டில் இருந்ததால் அவர் போய்ப் படித்தார். ஸ்கூல் கணக்கு யாருக்கும் உபயோகம் இல்லை என்று இட்லி தின்றுகொண்டே சொன்னாரே, அவருக்கு அது ஒரு தடவை நன்றாகவே உபயோகப்பட்டது. வாழ்க்கையில் ஒரு நாள் ஒரே ஒரு கணம், ஒரு கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. அனந்தராமனும் சபரியும் சொல்வதுபோல் மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கலாம். எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

சபரியைப் பற்றியும் எழுத வேண்டும், நீ அவனிடம் போனில் கோபமாகக் கேட்டுவிடாதே. அன்று மத்தியானம் கராஜில் கார் டயருக்குக் காற்று அடிக்கிறேன் என்று போனவன் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அன்னிக்கே மனசுக்குள்ள போட்டுப் பார்த்துட்டேம்மா. அவளுக்குத்தான் மார்க்கு கூட, எனக்குக் கம்மின்னு தெரியும். வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா தொடையில கிள்ளினாரு" என்றான். அவன் பெஞ்சில் துள்ளியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எறும்பு கடித்தது என்று நினைத்தேன். இன்ஜினியரிங்கில் கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை தோற்றானே, அந்த ஒவ்வொரு தடவையும் உன் ஞாபகம்தான் வந்ததாம். உனக்கு ஒரு தடவைகூட அதைச் சொல்ல முடியவில்லையாம், வருஷம் ஏற ஏற இன்னும் கஷ்டமாகிவிட்டதாம். நாற்பதை நெருங்குகிறவன் என் மடியில் தலை வைத்து அழுதான். பதினாறு வயதில் பயந்த பிள்ளைதானே என்று நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு, அவன் உனக்கு எழுதுவான், கொஞ்சம் நேரம் கொடு.

இப்போது நீ செய்ய வேண்டியது. பத்தொன்பதாம் தேதி அந்தப் பரீட்சைக்குப் போ. என்ன உபயோகம் என்று நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் தேட வேண்டாம், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. உனக்குப் பிடித்திருக்கிறது, அது போதாதா. மதன் வயதில் அது ஒன்றுதான் உனக்கு விளையாட்டாக இருந்தது. மாப்பிள்ளை கேலி பேசினால் பேசட்டும், அவர் நல்லவர், இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார், சமைத்து வைக்க முடியாத அன்றைக்குத் தயிர்சோறு சாப்பிடட்டும். சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, டேகேர் வெள்ளிக்கிழமை கிடையாது என்று அன்று சொன்னாய். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினான்காம் தேதி அண்ணன் உன் வீட்டுக்கு வருகிறார், டிக்கெட் முன்னாலேயே எடுத்ததுதான், இரண்டு வாரம் அங்கே இருப்பார். நீ அவருக்கு ஒரு குறையும் வைக்காதே, வெந்நீர் போட்டுக் கொடு, கம்பளி எடுத்துக் கொடு, உறவு என்று வந்தவரை முகம் சுளிக்காதே, சண்டை போடுவது என் வேலை. ஆனால் பத்தொன்பதாம் தேதி காலையில் சின்னவளைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போறேன் மாமா, வர மத்தியானம் ஆகும், பாலும் பிஸ்கட்டும் மேஜை மேல இருக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. ஒருத்தர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க, இன்னொருத்தர் படிக்கப் போவது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு அரை நாள் பார்க்கட்டும்.

தென்றல் எனக்குத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு கணக்குக் கொடுக்கிறாள், தப்பாகப் போட்டால் தலையில் குட்டுகிறாள், அவளுக்கும் அதில் அவளுடைய பரீட்சைப் பாடம் ஓடுகிறது. நாலாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டேன், நானாகவே ஐந்தாம் வாய்ப்பாடும் சொல்லிப் பார்க்கிறேன். மதனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா என்று எழுது. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கே குளிர் இல்லை என்று சொல்வாய், காற்று எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும். உன் பென்சில் முனை உடையாமல் இருக்க வேண்டும். பரீட்சைக்கு ஒரு பென்சில் போதும் என்று போகாதே, இரண்டாக எடுத்துப்போ, தேதி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. முடிவு வந்ததும் மேலே இருக்கிற எண்ணை மட்டும் எனக்கு எழுதாதே, கோட்டுக்குக் கீழே இருப்பதையும் சேர்த்து எழுது, இந்தத் தடவை நானே வாசித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா,
மா. நாகமணி

எழுதி முடித்து மடித்துவிட்டேன், மறுபடியும் பிரிக்கிறேன். உன் அப்பா மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரிடம் வந்துசேர்ந்த எண்ணை வைத்து அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சபரியை அந்த கராஜிலேயே மன்னித்துவிட்டேன். என் பங்கு உன் கையில் இருக்கிறது, மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ எப்படி முடிவு செய்தாலும் அது சரி. நான் கட்டையில் போகிறவரைக்கும் மன்னிக்கப்போவது இல்லை என்று வைத்திருப்பது ஒரே ஒருவரைத்தான், பொய் சொன்னதற்காகக்கூட இல்லை, உனக்குத் தெரிந்திருந்தால் நீயே படித்திருக்கலாமே என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதற்காக. என் கூடப்பிறந்த நஞ்சப்பனை.